உப்பு-வெல்லக் கரைசலா, ஓ.ஆர்.எஸ். பொட்டலமா?

வயிற்றுப்போக்கால் வங்கதேசக் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த காலம். 1980-ல் பிராக் என்ற அந்நாட்டுத் தொண்டு நிறுவனம் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்கு, உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஒரு கரைசலைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், சுமார் அரை லிட்டர் தண்ணீர். பத்தே ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள்! கற்றுக்கொடுத்த பெண்களின் சம்பளம், தாய்மார்கள் எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தே அமைந்தது. கெட்டிக்கார ஏற்பாடுதான்.

நடுராத்திரியிலும் அடுப்படியில் எல்லாம் கிடைக்கும் என்பது இதன் பலம். ஆனால் கையளவு ஆளுக்கு ஆள் மாறும். உப்பு கூடிப்போனால் ரத்தத்தில் சோடியம் ஏறி, வலிப்புவரை கொண்டுபோய்விடும்.

ஓ.ஆர்.எஸ். என்பது அதே வேலைக்காகக் கடையில் கிடைக்கும், நீரில் கரைத்துக் குடிக்கும் பொடி. அந்தப் பொட்டலத்தில் அளவு கச்சிதம். லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், அப்புறம் பொட்டாசியம், சிட்ரேட். அதையும் ஒரு தம்ளர் நீரில் மொத்தமாகக் கொட்டிக் கெடுப்பவர்கள் உண்டு.

என் ஓட்டு பொட்டலத்துக்கே. வாங்கிவரும்வரை வீட்டுக் கரைசலோ கஞ்சியோ கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தைக்கு 10 முதல் 14 நாள் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை எப்படியும் வேண்டும். கண் குழிந்து, குடிக்கவே முடியாமல் கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.