டாக்ஸ் இல்லாத பழைய கார்: டிவிஎல்ஏ இணைய வரிச் சேவை பற்றி ஒரு மதிப்புரை

பிரிட்டனில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும் எவரும், விலை பேசி முடித்துச் சாவியை வாங்கிய பிறகு, வண்டியைத் தெருவில் இறக்குவதற்கு முன் ஓர் அரசுச் சேவையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். வேல்ஸில் உள்ள ஸ்வான்சி நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் டிவிஎல்ஏ (ஓட்டுநர், வாகன உரிமங்களைக் கவனிக்கும் அரசு முகமை) நடத்துகிற வாகன வரிச் சேவைதான் அது. உணவகத்துக்கும் சலூனுக்கும் நட்சத்திரம் போட்டு எழுதுகிற நாம், வேறு வழியே இல்லாமல் பணம் கட்டும் இந்தச் சேவையை மதிப்பிட்டு எழுதுவது அபூர்வம். அண்மையில் டாக்ஸ் இல்லாமல் நின்றிருந்த ஒரு காரை வாங்கியபோது இதை முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேவை சுறுசுறுப்பானது, தெளிவானது, அதன் பின்னால் நிற்கும் விதி கறாரானது, ஓரிடத்தில் அநியாயமானதும்கூட.

முதலில் விதியைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலருக்கும் இன்னும் பழைய நடைமுறையே மனதில் நிற்கிறது. 1921 முதல் காரின் முன் கண்ணாடியில் ஒட்டப்பட்டுவந்த வட்டமான வரிச் சீட்டு 2014 அக்டோபர் 1 அன்று ஒழிக்கப்பட்டது. காகிதம் போனதைத்தான் எல்லோரும் கவனித்தார்கள். அதே நாளில், வண்டி கைமாறும்போது மீதமுள்ள டாக்ஸும் சேர்ந்து கைமாறுவது நின்றுபோனது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. முன்பெல்லாம் 'இன்னும் ஐந்து மாதம் டாக்ஸ் இருக்கிறது' என்று சொல்லி விற்பவர் விலையை உயர்த்திக் கேட்பதற்கு நியாயம் இருந்தது. இன்று அந்த வாசகத்தை விளம்பரத்தில் பார்த்தால் அதற்கு ஒரு பென்னிகூடக் கொடுக்க வேண்டியதில்லை. விற்றவர் டிவிஎல்ஏக்குத் தகவல் தந்தவுடன் அவருடைய டாக்ஸ் ரத்தாகி, மீதமுள்ள முழு மாதங்களுக்கான பணம் அவருக்கே திரும்பிப் போய்விடும். ஆகவே வாங்குகிறவரின் பார்வையில் டாக்ஸ் உள்ள கார், டாக்ஸ் இல்லாத கார் என்ற வேறுபாடே கிடையாது. எல்லாப் பழைய கார்களும் டாக்ஸ் இல்லாத கார்களே. வாங்கியபின் 14 நாள் அவகாசம் உண்டு என்று நம்மவர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி எந்த அவகாசமும் சட்டத்தில் இல்லை.

நான் வாங்கியது 2015 ஆம் ஆண்டுப் பதிவுள்ள டொயோட்டா யாரிஸ் ஹைப்ரிட். விற்பனை நிலையத்தில் அது பல வாரங்களாக டாக்ஸ் இல்லாமல் நின்றிருந்தது. இதில் குறை சொல்ல எதுவுமில்லை; தனியார் முற்றத்தில் விற்பனைக்காக நிற்கும் வண்டிக்கு வணிகர்கள் டாக்ஸ் கட்டிவைப்பதில்லை. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்துகள் கொண்ட டிரேட் பிளேட்டுகளை எடுத்துவந்து முன்னும் பின்னும் மாட்டினார்கள். டாக்ஸ் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்ட வணிகர்களுக்கு மட்டுமே உள்ள வசதி இது. தனிநபர் ஒருவர் தம் வீட்டு டிரைவ்வேயில் நிறுத்தியிருக்கும் டாக்ஸ் இல்லாத காரை விற்கும்போது, 'ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்' என்று சாவியை நீட்டினால் பணிவுடன் மறுத்துவிடுவது நல்லது. பொதுச்சாலையில் அந்த வண்டி இறங்கினாலே குற்றம். ஓரமாக நிறுத்திவைத்தாலும் குற்றமே.

எனக்கு வண்டியைக் காட்டிய விற்பனையாளர், பணம் கைக்கு வந்ததும், 'வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் இந்த வாரத்துக்குள் டாக்ஸ் கட்டிவிடுங்கள், ஒன்றும் ஆகாது' என்றார். அவருக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். விற்பனைத் தகவல் பதிவான கணத்திலிருந்து பொறுப்பு முழுவதும் வாங்கியவர் தலையில்தானே விழுகிறது! நான் அவருடைய மேசை முன்னாலேயே உட்கார்ந்து, வண்டியின் பதிவுச் சான்றான லாக் புக்கிலிருந்து கிழித்துக் கொடுத்த பச்சைச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் டாக்ஸ் கட்டினேன்.

அந்தப் பச்சைச் சீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் மொத்தச் சேவையும் அதன்மேல்தான் நிற்கிறது. வி5சி எனப்படும் லாக் புக்கில் புதிதாக வாங்குகிறவருக்கென ஒரு பகுதி உண்டு. விற்றவர் அதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மற்ற விவரங்களை இணையத்திலோ தபாலிலோ டிவிஎல்ஏக்குத் தெரிவிக்க வேண்டும். நம் பெயரில் புதிய லாக் புக் பின்னர் தபாலில் வரும். அதுவரை நம் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் இந்தச் சீட்டுத்தான். அதில் அச்சிட்டிருக்கும் 12 இலக்க எண்ணைக் அரசின் கவ்.யூகே தளத்தில் உள்ளிட்டால், வண்டியின் பதிவு எண்ணும் தயாரிப்பும் திரையில் வருகின்றன. சரிதானா என்று கேட்கிறது. எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனைச் சான்று நடப்பில் இருக்கிறதா என்பதைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது. பிறகு தொகை, அட்டை விவரம், மின்னஞ்சலில் ரசீது, அவ்வளவுதான். கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் அமை, பாஸ்போர்ட் எண்ணைக் கொடு என்ற தொல்லைகள் எதுவும் இல்லை. ஒவ்வொரு திரையிலும் ஒரே கேள்வி. ஆங்கிலம் அதிகம் படிக்காத என் மாமியார்கூடத் துணையில்லாமல் முடித்துவிடக்கூடிய எளிமை. கட்டி முடித்த கணத்திலிருந்து டாக்ஸ் செல்லும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கார் வாங்கினாலும் இதில் மாற்றமில்லை. ஓர் அரசு இணையதளத்துக்கு இவ்வளவு பாராட்டு எழுதுவது எனக்கே புதுமையாக இருக்கிறது.

நான் கட்டியது 20 பவுண்ட். இந்தத் தொகை எல்லோருக்கும் வாய்க்காது. 2001 மார்ச் முதல் 2017 மார்ச் வரை பதிவான கார்களுக்கு, வெளியேறும் கார்பன் டை ஆக்ஸைடின் அளவை வைத்து ஏ முதல் எம் வரை படிநிலைகள் உள்ளன. 2025-26 நிதியாண்டில் அடிப்படியில் 20 பவுண்டும் உச்சப்படியில் 760 பவுண்டும் ஆண்டு வரி. பார்வைக்கு ஒரே மாதிரியாக இருக்கும் இரண்டு கார்களில் எஞ்சின் மாறினாலே இந்தத் தொகை பன்மடங்காகிவிடும். 2017 ஏப்ரல் முதல் பதிவானவற்றுக்கு முதலாண்டு கழிந்ததும் பொதுவாக ஒரே கட்டணம். 2025-26 இல் அது 195 பவுண்ட். அந்த ஏப்ரலிலிருந்து மின்சாரக் கார்களும் இந்த வலைக்குள் வந்துவிட்டன. இதற்குள் ஒரு பொறியும் இருக்கிறது. புதிதாக விற்றபோது பட்டியல் விலை 40,000 பவுண்டைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு, இரண்டாம் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குக் கூடுதல் வரி உண்டு; 2025-26 இல் அது 425 பவுண்ட். நான்கு வயதான சொகுசுக் காரை நீங்கள் பாதி விலைக்கு வாங்கியிருந்தாலும், கணக்கில் எடுப்பது அன்றைய பட்டியல் விலையைத்தான். ஆக 2025-26 இல் மொத்தம் 620 பவுண்ட். இதை வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்வது விற்பனையாளரின் நல்லெண்ணத்தை நம்பியிருக்க வேண்டிய காரியமன்று. பதிவு எண்ணை மட்டும் கொடுத்து, டாக்ஸ் இருக்கிறதா, சோர்ன் (சாலையில் ஓடவில்லை என்ற அறிவிப்பு) செய்யப்பட்டுள்ளதா, எம்ஓடி எதுவரை செல்லும், கடைசி லாக் புக் எப்போது வழங்கப்பட்டது என்பவற்றை இலவசமாகப் பார்க்க டிவிஎல்ஏயே ஒரு பக்கம் வைத்திருக்கிறது. எம்ஓடி வரலாற்றுப் பக்கம் தனி, அதுவும் இலவசம்.

இனி அநியாயத்துக்கு வருகிறேன். புதியவர் கட்டும் டாக்ஸ், எந்தத் தேதியில் கட்டினாலும் அந்த மாதத்தின் முதல் நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. விற்றவருக்கோ முழு மாதங்களுக்கான பணம் மட்டுமே திரும்பும். ஆகவே ஒருவர் 27 ஆம் தேதி காரை விற்றால் அந்த மாதம் முழுவதற்கும் அவர் கட்டியது டிவிஎல்ஏயிடமே தங்கிவிடுகிறது; வாங்கியவரும் அதே மாதம் முழுவதற்கும் கட்டுகிறார். 195 பவுண்ட் கட்டணமுள்ள காரில் ஒரு மாதத்தின் பங்கு 16.25 பவுண்ட், ஒரே காருக்கு ஒரே மாதத்தில் அது இருமுறை வசூலாகிறது. தனியொருவருக்குப் பெரிய தொகை இல்லை என்பது பதிலாகாது. நாள் கணக்கில் பிரித்துக் கணக்கிடக் கணினிக்கு ஒரு நொடி போதும், மனம்தான் வரவில்லை. விற்கும் இடத்தில் கார் ஏற்கெனவே டாக்ஸ் இல்லாமல் நின்றிருந்தால் இந்த இரட்டை வசூல் நிகழாது என்றாலும், மாதக் கடைசியில் வாங்குகிறவர் ஓட்டாத நாட்களுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறார். 28 ஆம் தேதி விலை முடிந்தால், வண்டியை 1 ஆம் தேதி எடுத்துக்கொள்கிறேன் என்று பேசிவைப்பது என் வழக்கம். எந்த விற்பனையாளரும் இதுவரை முகம் சுளித்ததில்லை.

தவணையாகக் கட்டுவதற்கும் தண்டம் உண்டு. மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து டைரக்ட் டெபிட்டாக எடுக்கச் சொன்னால் 5 சதவீதம் கூடுதல்: 195 என்பது 204.75 ஆகிவிடும். ஆறு மாதத்துக்கு மட்டும் அட்டையில் கட்டினால் 10 சதவீதம் கூடும். பின்னர் நீங்களே காரை விற்கும்போது இந்தக் கூடுதல் தொகைகள் திரும்ப வரா.

பச்சைச் சீட்டு இல்லாதவருக்கு இந்தச் சேவை கதவைச் சாத்திவிடுகிறது. லாக் புக்கும் இல்லை, சீட்டும் இல்லை என்றால் வி62 படிவம் நிரப்பி, 25 பவுண்ட் கட்டி, புதிய லாக் புக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். டாக்ஸ் கட்டும் வரை வண்டியைச் சாலையில் எடுக்கவோ நிறுத்தவோ முடியாது. 'லாக் புக் தபாலில் வந்துகொண்டிருக்கிறது' என்று யாராவது சொன்னால், வந்த பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். இருக்கிற லாக் புக்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். டிவிஎல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் நீர்க்குறியாகத் தெரிய வேண்டும்.

சோர்ன் என்பது வண்டி சாலையில் ஓடவில்லை என்று அறிவிப்பது. கட்டணம் கிடையாது. ஆனால் டாக்ஸைப் போலவே அதுவும் கைமாறாது. சோர்னில் இருந்த காரை வாங்கிக் கராஜுக்குள் வைத்துப் பழுதுபார்க்கப் போகிறவர், தம் பெயரில் புதிதாக அறிவித்தாக வேண்டும். டாக்ஸும் இல்லாமல் சோர்னும் இல்லாமல் ஒரு வண்டி பதிவேட்டில் இருந்தால், அது எங்கே நிற்கிறது என்று யாரும் வந்து பார்க்காமலேயே 80 பவுண்ட் அபராதக் கடிதம் வீடு தேடி வரும். உரிய காலத்துக்குள் கட்டினால் பாதியாகக் குறையும். தெருவில் பிடிபட்டால் கதை வேறு. சக்கரத்தில் கிளாம்ப் போடுவார்கள். அதைக் கழற்ற 100 பவுண்ட், உடனே டாக்ஸைக் காட்ட முடியாவிட்டால் மேலும் 160 பவுண்ட் பிணைத்தொகை. இழுத்துக்கொண்டு போய்விட்டால் 200 பவுண்டும், வைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 21 பவுண்டும். சோர்ன் அறிவித்துவிட்டுச் சாலையில் ஓட்டியவர் நீதிமன்றம் வரை போனால் அபராதம் 2,500 பவுண்ட் வரை ஏறலாம். இதற்கு ஒரேயொரு விலக்கு: முன்கூட்டியே நேரம் பதிவுசெய்த எம்ஓடி சோதனைக்கு ஓட்டிச் செல்லலாம். எம்ஓடி காலாவதியான காருக்கு டாக்ஸ் கட்ட முடியாது என்பதால் இந்த விலக்கு இல்லாவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அந்தப் பயணத்துக்கும் இன்சூரன்ஸ் இருந்தாக வேண்டும்.

இன்சூரன்ஸ் பற்றித் தளம் எதுவும் கேட்பதில்லை என்பதே இச்சேவையில் நான் காணும் பெரிய குறை. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் டாக்ஸ் கட்டும்போது இன்சூரன்ஸ் சரிபார்க்கப்படுவதில்லை. பணத்தைப் பெற்றுக்கொண்டு 'வண்டிக்கு டாக்ஸ் கட்டியாயிற்று' என்ற செய்தி வரும்போது, எல்லாம் முடிந்துவிட்டது என்று புதியவர் நினைத்துக்கொள்வதில் வியப்பில்லை. 2011 முதல் நடப்பிலுள்ள தொடர் இன்சூரன்ஸ் விதியின்படி வாகனப் பதிவேடும் இன்சூரன்ஸ் பதிவேடும் ஒப்பிடப்பட்டு, இன்சூரன்ஸ் இல்லாதவருக்கு ஓட்டாமலேயே அபராதம் வரலாம். ரசீதுத் திரையில் ஒரு வரி எச்சரிக்கை சேர்த்தால் போதும்.

இணையம் வேண்டாம் என்பவர்கள் நாள் முழுவதும் இயங்கும் தானியங்கித் தொலைபேசி வழியாகவோ, வாகன வரி வேலை பார்க்கும் தபால் நிலையத்திலோ அதே பச்சைச் சீட்டைக் கொண்டு கட்டலாம். எல்லாத் தபால் நிலையங்களும் இதைச் செய்வதில்லை என்பதால் விசாரித்துவிட்டுப் போவது நல்லது. இணையச் சேவைக்கு ஐந்தில் நான்கரை நட்சத்திரம் தருகிறேன். இன்சூரன்ஸ் மௌனத்துக்காக அரை குறைத்தேன். மாதக் கணக்கு விதிக்கு இரண்டுக்கு மேல் தர மனம் ஒப்பவில்லை.

உடல் ஊனமுற்றவர் பெயரில் இருந்த காரை வாங்குகிறவர்களுக்கு ஒன்று: அவருக்கிருந்த வரிவிலக்கு அவருக்கு உரியது, காருக்கு உரியது அன்று. பழைய பதிவில் தொகை பூஜ்யம் என்று காட்டினாலும், வரி வகையை மாற்றி முழுத் தொகையையும் கட்டிய பிறகே நீங்கள் ஓட்டலாம்.