கோத்தார்டா, லோட்ச்பெர்க்கா? ஆல்ப்ஸைத் துளைத்த இரண்டு வழிகள்

சுவிட்சர்லாந்தில் சொல்லிக்கொள்ளும்படி நிலக்கரி கிடையாது, கடலும் கிடையாது. ஜெர்மனிக்கும் வட இத்தாலிக்கும் நடுவில் இருப்பதுதான் அதன் பெரிய சொத்து. அந்த இடத்தைக் காசாக்க வேண்டுமானால் நடுவில் நிற்கும் ஆல்ப்ஸைக் கடந்தாக வேண்டும். எங்கே துளைப்பது என்பதில்தான் போட்டி. சூரிச், லூசெர்ன் பக்கத்தாருக்கு கோத்தார்டு. பெர்ன் மாநிலத்துக்கு லோட்ச்பெர்க்.

முதலில் முந்தியது கோத்தார்டு. 15 கி.மீ. நீளச் சுரங்கம் 1882-இல் திறந்தது. விலை, ஏறக்குறைய 200 தொழிலாளர் உயிர்கள். ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ரும் 1879-இல் சுரங்கத்துக்குள்ளேயே இறந்துபோனார். பெர்ன் தன் சுரங்கத்தை 1913-இல்தான் திறந்தது. அதற்கு முன் 1908 ஜூலை 24 அன்று, காஸ்டர்ன் பள்ளத்தாக்கின் அடியில் வெடி வைத்தபோது மேலே பாறைக்குப் பதிலாகப் பனியாறு கொட்டிவிட்டுப் போன மணலும் சரளையும் இருந்தன. நீரோடு சேர்ந்து அத்தனையும் உள்ளே பாய்ந்து 25 பேரை விழுங்கியது. அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனதால் நேராக இருக்க வேண்டிய சுரங்கம் இன்றும் வளைந்தே கிடக்கிறது.

இந்தப் பழைய பாதைகள் இரண்டிலும் 1,000 மீட்டருக்குச் சுமார் 27 மீட்டர் ஏற்றம். கனமான சரக்கு ரயிலைப் பின்னாலிருந்து தள்ள இன்னொரு இன்ஜின் வேண்டும். அதைக் கோப்பதும் கழற்றுவதும் நேரம், ஆள், காசு. ஆகவே மலையின் மேலே ஏறாமல் அடிவாரத்திலேயே துளைப்பது என்ற திட்டம் 1992 செப்டம்பர் வாக்கெடுப்பில் வென்றது. எது என்று கேட்டால் இரண்டும் என்றார்கள். பிறகு பணம் இறுக்கியபோது ஒன்று முழுதாக வந்தது, மற்றது அரைகுறையாக நின்றது.

கோத்தார்டு அடிவாரச் சுரங்கம் 57 கி.மீ. 2016-இல் திறந்தது, செலவு சுமார் 1,220 கோடி பிராங்க். ரயில் ஓட இரண்டு தனித்தனிச் சுரங்கக் குழாய்கள், 325 மீட்டருக்கு ஒரு குறுக்கு வழி, நடுவில் இரண்டு அவசர நிறுத்தங்கள். மேலே 2,300 மீட்டர் வரை மலை. பாறையின் வெப்பம் 46 டிகிரி வரை போனது. எல்லோரும் அஞ்சியது பியோரா பகுதியைத்தான். சர்க்கரைபோல் உதிரும் டோலமைட் பாறை நீரில் ஊறிக் கிடந்தால் 1908 மறுபடி நடக்கும். இம்முறை ஊகிக்காமல் முன்கூட்டியே ஆழ்துளை போட்டுப் பார்த்தார்கள். சுரங்க மட்டத்தில் பாறை உலர்ந்து கெட்டியாகவே இருந்தது.

லோட்ச்பெர்க் அடிவாரச் சுரங்கம் 34.6 கி.மீ., 2007-இலேயே திறந்தது. செலவு சுமார் 430 கோடி பிராங்க். மலிவு. ஆனால் ஏறத்தாழ 20 கி.மீ.க்கு ஒற்றைப் பாதை. இரண்டாவது குழாயில் சுமார் 14 கி.மீ. குடைந்து தண்டவாளமில்லாமல் விடப்பட்டது. வடக்கு முனையில் சுமார் 7 கி.மீ. குடையவே இல்லை. ஒரு ரயில் தாமதித்தால் எதிரே வருவதும் காத்து நிற்கும். 2020-இல் ஒரு குழாயில் நீரும் சேறும் புகுந்தது தனித் தலைவலி.

பயணிக்கு லோட்ச்பெர்க் நல்ல பேரம்: பெர்னிலிருந்து விஸ்ப் 55 நிமிடம். வாலே மாநிலத்தார் தலைநகருக்கு வேலைக்குப் போய் வரலாம் என்ற நிலை அதனால்தான் வந்தது. வடக்கு முனையான ஃப்ருட்டிகனில் சுரங்கத்திலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரை ஆற்றில் விட்டால் டிரவுட் மீனுக்கு ஆகாது. அதைக் கொண்டு ஸ்டர்ஜன் மீன் வளர்க்கிறார்கள், வாழையும் விளைவிக்கிறார்கள்!

சரக்கு என்று வந்தால் கோத்தார்டுதான். 2020-இல் அதற்குத் தெற்கே செனெரி அடிவாரச் சுரங்கமும் திறந்தபின், அங்கே புதுப் பாதையில் ஏற்றம் 1,000-க்கு 12.5 மீட்டரைத் தாண்டாது. 4 மீட்டர் உயர டிரெய்லரும் அதே ஆண்டிலிருந்து போகிறது; அதுவரை அதற்கு லோட்ச்பெர்க்கையும், அதற்குத் தெற்கே இத்தாலிக்குப் போகும் சிம்ப்ளான் சுரங்கத்தையும் கடக்கும் வழிதான். அந்த வழிக்கோ தெற்கே ஒரு முட்டுக்கட்டை: சிம்ப்ளானைக் கடந்ததும் இசெல்லேயிலிருந்து தோமோதொசோலா வரை 1,000-க்கு 25 மீட்டர் சரிவு. இத்தாலியிலிருந்து திரும்பும் ரயில் அதைப் பழையபடியே ஏற வேண்டும். வடக்கே எவ்வளவு குடைந்தாலும் அது தீராது. லோட்ச்பெர்க்கின் இரண்டாவது குழாயை முடிக்க வேண்டும் என்போர் இதைப் பேசுவது குறைவு.

அதற்காக ஒன்றே போதும் என்றும் சொல்ல முடியாது. 2023 ஆகஸ்ட் 10 அன்று கோத்தார்டு அடிவாரச் சுரங்கத்துக்குள் ஒரு சரக்குப் பெட்டியின் சக்கரம் உடைந்து ரயில் தடம் புரண்டது. சுமார் 7 கி.மீ. தண்டவாளம் நாசம், குழாய்களுக்கு இடையிலான கதவும் நொறுங்கியது. சேதமில்லாத குழாயில் இரண்டு வாரத்துக்குள் சரக்கு ஓடத் தொடங்கியது. ஆனால் பயணி ரயில்களில் பெரும்பாலானவை 1882-ஆம் ஆண்டின் மலைப்பாதைக்குத் திரும்பின, ஒரு மணி நேரம் கூடுதலாக. முழுப் போக்குவரத்து மீண்டது 2024 செப்டம்பர் 2-இல்தான். அந்த ஓராண்டில் மலைப்பாதையில் இரட்டை மாடி ரயிலையோ உயர டிரெய்லரையோ விட முடியவில்லை: பழைய சுரங்கங்களின் வளைந்த கூரை அவற்றின் மேல்மூலையில் இடிக்கும்.