வசவுக் கும்பலுக்கு எதிராகத் தேசிய சைபர் கிரைம் தளம் எவ்வளவு உதவும்?

கட்சிச் சாயம் பூசிய உள்ளூர் யூடியூப் சேனல் ஒன்று யாரோ ஒருவரின் முகத்தைத் தம்ப்நெயிலில் ஒட்டி "இவர் யார் தெரியுமா?" என்று வீடியோ விட்டால் போதும், இருட்டுவதற்குள் அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் வசவு குவிந்துவிடும். அப்போது எல்லாரும் கைகாட்டும் இடம், 2019 ஆகஸ்ட் இறுதியில் மத்திய உள்துறை தொடங்கிய சைபர் கிரைம் புகார் தளம்.

கும்பலைப் பற்றிப் புகார் செய்ய அது அரைகுறையாகத்தான் உதவும். ஒரு சம்பவம், ஒரு தேதி, ஒரு சந்தேக நபர் என்ற கணக்கில்தான் படிவமே அமைந்திருக்கிறது. அதில் நூற்றுக்கணக்கான கமென்ட்டுகளைக் கொட்டினால் எதை விசாரிப்பதென்று போலீசுக்குப் புரியாது. புகார் கிடப்பில் போகும். 1930-ஐ அழைப்பதிலும் பெரிய பலன் இல்லை, அது முதன்மையாகப் பணம் பறிகொடுத்தவர்களுக்கான எண்.

ஆகவே வசவையும் மிரட்டலையும் முதலில் பிரித்துவிடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்துவிட்டது. வெறும் ஏச்சு இன்று தானாகக் குற்றமாகிவிடாது. அவதூறு (புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 356) என்று எழுதினால் "கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள், சட்டப்படி அது சரியும்கூட. கொலை மிரட்டல் (351), பெண்களைப் பின்தொடர்ந்து தொல்லை தருவது (78), ஆபாசப் பதிவு (ஐ.டி. சட்டம் 67) ஆகியவைதான் எடுபடும். மிக மோசமான நாலைந்து பதிவுகளோடு, எல்லாவற்றையும் கிளப்பிவிட்ட அந்த வீடியோவையும் சேர்த்தால் புகாருக்கு ஒரு வடிவம் வரும்.

தளத்தில் மொபைல் எண், ஓ.டி.பி. கொடுத்து நுழைந்து, சமூக ஊடகக் குற்றங்கள் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். பெண்களுக்கான பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம், ஆனால் அப்படித் தந்தால் அதன் நிலையைப் பின்தொடர வழியில்லை. விவரப் பெட்டி சிறப்புக் குறியீடுகளை ஏற்காமல் மக்கர் செய்யும். மேற்கோள் குறி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒட்டுங்கள்.

பெரும்பாலான புகார்கள் சறுக்குவது ஆதாரத்தில்தான். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. யூடியூப் கமென்ட்டின் கீழே உள்ள நேரத்தைத் தட்டினால் அந்தக் கமென்ட்டுக்கே தனி லிங்க் கிடைக்கும், அதில் 'எல்சி=' (lc=) என்று வரும். சேனல் பெயரையும் ஹேண்டிலையும் ஒரே இரவில் மாற்றிவிடுவார்கள். சேனல் பக்கத்தில் பகிரும் வசதிக்குள் போய், 'யூசி' (UC) என்று தொடங்கும் சேனல் ஐடியை நகலெடுங்கள்; அது மாறாது. வீடியோவையும் தலைப்பு, விளக்கம், பின் செய்த கமென்ட்டோடு முழுதாகப் பதிவு செய்யுங்கள். லிங்க் மாறாமலே உள்ளே வெட்டிவிட முடியும். கோப்புகளுக்கு ஷா-256 ஹாஷ் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) எடுத்து வைத்தால், பின்னாளில் மின்னணு ஆதாரத்துக்கான சாட்சியச் சட்டத்தின் (பி.எஸ்.ஏ.) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் எழுத எளிது. இவ்வளவும் முடிந்தபிறகு பிளாக் செய்யுங்கள். முதலிலேயே பிளாக் செய்துவிட்டு லிங்க் தேடி அலைபவர்களே அதிகம்.

வீடியோவை நீக்க வைக்க இந்தத் தளத்தை நம்பாதீர்கள். போன் எண், வீட்டு முகவரி வெளியானால் யூடியூப்பில் சாதாரண ரிப்போர்ட் பட்டனை விட்டு, தனியுரிமைப் புகார்ப் படிவத்தைப் பயன்படுத்துங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி கைவிரித்தால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். அதற்கும் வழி ஆன்லைனில்தான். செய்தி அச்சுப் பத்திரிகையில் வந்ததென்றால் பிரஸ் கவுன்சில். நாளிதழ், வார இதழ் என்றால் 2 மாத கெடு, ஆசிரியருக்கு முதலில் எழுதியிருக்க வேண்டும். யூடியூப் சேனல் அதன் வரம்புக்குள் வராது.

தளம் தரும் ஒப்புகை எண் எஃப்.ஐ.ஆர். அல்ல. தமிழ்நாட்டில் அதையும் பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போய், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். ஐ.டி. சட்டப் பிரிவுகளை இன்ஸ்பெக்டரோ அதற்கு மேற்பட்டவரோதான் விசாரிக்க முடியும் என்பதால் எஸ்.ஐ.யிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4)-ன்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதுவும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.