கணைய வலிக்கு 'வேரோடு தீர்வு' என்று நம்பி 2,880 சிங்கப்பூர் வெள்ளி கட்டினேன், நீங்கள் கட்டாதீர்கள்

நேற்று சாயங்காலம் மூன்றாவது தடவையாக, பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த மூலிகை நிலையத்தின் வாசலில் போய் நின்றேன். "மேனேஜர் இந்தியா போயிருக்காங்க, வந்ததும் கூப்பிடச் சொல்றோம்" என்றார்கள். போன வாரமும் இதே பதில். அதற்கு முந்தின வாரம் அவர் மீட்டிங்கில் இருந்தாராம். என் பணம் 2,880 வெள்ளி. கோபத்தோடுதான் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல வலியோடு அலைகிற இன்னொருவர் அந்தப் படியேறக்கூடாது.

பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். மூலிகை, எண்ணெய் மசாஜ், 'நலவாழ்வு ஆலோசனை' எல்லாம் சேர்த்து நடத்துகிற இடம். போனைத் திறந்தால் தமிழில் விளம்பரம் வந்து நிற்கும்.

எனக்கு நாள்பட்ட கணைய அழற்சி, அதாவது செரிமான நீர் சுரக்கும் கணையம் வீங்கி வீங்கிக் கெட்டுப்போகும் வியாதி. ஆறு வருடமாகிறது. மேல் வயிற்றில் ஆரம்பித்து முதுகு வரை துளைத்துக்கொண்டு போகும் வலி. மல்லாந்து படுக்க முடியாது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். வீட்டு ஹாலில் அப்படியே உட்கார்ந்து விடிந்த ராத்திரிகள் நிறைய. சாப்பிட்டால் வலிக்கும், அதனால் சாப்பாட்டைக் கண்டாலே பயம். கணையக் குழாயில் கல் அடைத்து, எண்டோஸ்கோப் வழியாக ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தேன். மறுபடி வந்துவிட்டது.

வலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், ஜனங்கள் பேசுவதைத் தாங்க முடியாது. இந்த வியாதி என்றாலே "குடிச்சுக் கெடுத்துக்கிட்டான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான் குடித்ததே கிடையாது. மது பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரத்தத்தில் கொழுப்பு மிக அதிகமாக ஏறினாலும் வரும், மரபணுக் கோளாறாலும் வரும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கினாலும் வரும். தென்னிந்தியாவில் குடிப்பழக்கம் இல்லாத இளம் வயதுக்காரர்களுக்கு வருகிற ஒரு வகையே உண்டு. எனக்கு இதுதான் காரணம் என்று இன்றுவரை எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலி தாங்காமல் அவசரப் பிரிவுக்குப் போனால், கணையத்தின் நொதிகள் (செரிமானச் சுரப்புகள்) ரத்தத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை பல நேரம் சரியாகவே வரும். பல வருடம் கெட்டுப்போன கணையத்துக்கு அந்த நொதிகளைச் சுரந்து ரத்தத்தில் ஏற்றிவிடவே சத்து இருக்காது. ரிப்போர்ட் நார்மல், ஆள் துடித்துக்கொண்டிருப்பான். பார்க்கிறவர்களுக்கு எப்படித் தோன்றும்? என் மேலதிகாரியே ஒரு நாள், "உங்களுக்கு மட்டும் திங்கட்கிழமை ஆனா வலி வருதே" என்றார். அன்று நான் வேலை செய்யும் கிடங்கின் பின்பக்கம் போய் நின்று அழுதேன். எனக்கு 46 வயது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த இடத்தில் நான் சிக்கியது மருந்தால் அல்ல. அங்கே இருந்த ஆலோசகர் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம் மெதுவாக, "அண்ணே, நீங்க நடிக்கலைன்னு எனக்குத் தெரியும். உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது" என்றார். ஆறு வருடத்தில் என் மனைவியைத் தவிர யாரும் எனக்குச் சொல்லாத வார்த்தை அது. கண் கலங்கிவிட்டது. அவரே டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார்.

அந்த நிமிடத்தில் என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அவர் கேட்டது 2,880 வெள்ளி. மூன்று மாதத் திட்டம்: பொடி, லேகியம், வாரம் ஒரு எண்ணெய்த் தடவல். இன்றைக்கே கட்டினால்தான் இந்த விலையாம், நாளைக்கு 3,600 ஆகிவிடுமாம். அங்கேயே 500 வெள்ளி பேநவில் (போனிலேயே வங்கிப் பணம் அனுப்பும் வசதி) போட்டேன், மீதி 2,380 வெள்ளியை வீட்டுக்குப் போகும் வழியில், எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே அனுப்பினேன். பணம் போனது ஒரு தனி ஆளின் பெயருக்கு. அப்போது அது உறைக்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் என்னால் மன்னிக்க முடியாதது. கணையம் சுரக்காததை ஈடுகட்டிச் சாப்பாட்டைச் செரிக்க வைக்க நான் சாப்பாட்டோடு விழுங்கும் நொதி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். "அந்தக் கெமிக்கல்தான் உங்க கணையத்தைச் சோம்பேறி ஆக்குது அண்ணே." விஷயம் தெரிந்தவன் நான், முதல் வாய் சாதத்தோடு போட வேண்டும் என்பது வரை தெரிந்தவன், நிறுத்தினேன். லேகியத்தில் நெய் மிதந்தது. கொழுப்பைச் செரிக்க முடியாதவனுக்கு நெய்!

முதல் இரண்டு வாரம் வலியே இல்லை. என் மனைவியிடம், "பார்த்தியா, ஆறு வருஷமா டாக்டருங்களால முடியாதது" என்று சொன்னேன். இந்த வியாதியின் வலி தானாக வரும், தானாகவே சில வாரம் ஓய்ந்தும் இருக்கும். அது எனக்கே தெரியும், பல தடவை அப்படி ஓய்ந்திருக்கிறது. அந்த ஓய்வு நேரம் பார்த்து லேகியம் வந்தது, நல்ல பெயர் அதற்குப் போனது.

மூன்றாவது வாரம் மலம் எண்ணெய் படிந்து மிதக்க ஆரம்பித்தது, எத்தனை தடவை ஃபிளஷ் செய்தாலும் போகாது. கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியேறுகிறது என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் கேட்டேன். "நச்சு வெளியேறுது அண்ணே, நல்ல அறிகுறி" என்று பதில் வந்தது, கூடவே ஒரு பூ படம். ஆறு வாரத்தில் ஐந்து கிலோ குறைந்தேன். ஒரு ராத்திரி வலி வந்தது பாருங்கள், மனைவி டாக்சி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நான்கு நாள் படுக்கை. டாக்டர் திட்டவில்லை. கணையத்தில் ஏற்கெனவே விழுந்த தழும்பை எந்த மருந்தும் பழையபடி ஆக்காது, வலியை அடக்கி வாழத்தான் வழி செய்ய முடியும் என்று பொறுமையாகச் சொன்னார். நொதி மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். வலி மருத்துவப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்கள், வலியை அடக்க வயிற்று நரம்புப் பின்னலில் ஊசி போடுவது பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில், "நீங்க பத்தியம் சரியா இருந்திருக்க மாட்டீங்க" என்றார்கள். நானா? ஆறு வருடமாகக் கஞ்சியும் ஆவியில் வெந்த மீனும் சாப்பிடுகிறவன்! அடுத்து, திறந்த பொருளைத் திரும்ப எடுக்க முடியாதாம். இன்னும் ஆறு வாரத்துப் பொடி பிரிக்காமலே இருக்கிறதே என்று கேட்டதும், மசாஜ் கூப்பன் தருகிறோம் என்றார்கள். அப்புறம் நீல டிக் வரும், பதில் வராது. முக்கால் மணி நேரம் என் கதை கேட்ட அதே பெண் நேற்று கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். 2,880 வெள்ளி போனதைவிட அதுதான் இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

ரசீதை எடுத்துப் பார்த்தால் 'ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டும் இருக்கிறது. பொடி, லேகியம் எதுவும் அதில் இல்லை. புட்டியிலும் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று எழுதவில்லை.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், குனிந்து தட்டத் தட்ட முதுகு பிடிக்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எவரிடமும் ஒரு காசு கொடுக்காதீர்கள். தனி ஆள் பெயருக்குப் பேநவ் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சேர்மானம் எழுதாத புட்டியை வாயில் வைக்காதீர்கள், சுகாதார அறிவியல் ஆணையத்துக்குத் தெரிவியுங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். நான் பயனீட்டாளர் சங்கமான கேஸில் புகார் கொடுத்துவிட்டேன். அது சரிவராவிட்டால் ஸ்மால் கிளைம்ஸ் (சிறு தொகை வழக்குகளுக்கான தீர்ப்பாயம்) போகப் போகிறேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வேண்டாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

இதே மாதிரி இடத்தில் 'மூன்று மாதத் திட்டம்' கட்டியவர்கள் யாராவது இருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். வெட்கப்பட்டு ஒதுங்கிவிடாதீர்கள். நான் இத்தனை வாரமும் வெட்கப்பட்டு மனைவியிடம்கூட முழுத் தொகையைச் சொல்லவில்லை, ஆயிரம் என்றுதான் சொன்னேன். இன்று காலையில்தான் சொன்னேன், 2,880 வெள்ளி என்று.