மூணு பெட்டி மெஷ் வைஃபை: ரெண்டு மழைக்காலம் தாண்டிய பிறகு

விலை இறங்கியிருக்கிறதே, மெஷ் (பல பெட்டிகள் ஒன்றிலிருந்து ஒன்று சிக்னலை வாங்கி வீடு முழுக்க ஒரே வைஃபையாகப் பரப்பும் செட்) வாங்கிப் போடலாமா என்று மாயவரத்து நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் வீடும் கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகள் மாதிரிதான். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையல்கட்டு, கொல்லை என்று ரயில்பெட்டி கணக்காக நீளும். அகலம் பதினெட்டு அடி, நீளம் நூற்றிருபது. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் இரண்டு மழைக்காலம் ஓடிய மூன்று பெட்டி செட்டைப் பற்றித்தான் இது. ஏசி1200 என்ற வேக ரகம், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பேண்ட், பேக்ஹாலுக்கு, அதாவது பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் நடக்கும் பேச்சுக்கு, தனி ரேடியோ கிடையாது, ஒவ்வொன்றிலும் இரண்டு கிகாபிட் போர்ட். மற்றதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது.

முதலில் திட்டவேண்டியதைத் திட்டிவிடுகிறேன். இந்தப் பெட்டிகளின் பச்சை விளக்கு பொய் சொல்கிறது.

கரண்ட் போய் வருகிறது என்று வையுங்கள். மூன்று பெட்டியும் ஒரே நொடியில் கிளம்பும். ரேழியில் இருக்கும் முதல் பெட்டி வைஃபை பரப்ப ஒன்றரை, இரண்டு நிமிடம் ஆகும். கூடத்துப் பெட்டி அதைத் தேடிப் பிடித்து, பிறகு தானும் பரப்ப ஆரம்பிக்க இன்னும் ஒரு நிமிடம். அதற்குள் சமையல்கட்டுப் பெட்டியும் தேட ஆரம்பித்திருக்கும். அந்த நேரத்தில் அதன் காதில் விழுவது முதல் பெட்டியின் சிக்னல் மட்டும்தான், அதுவும் மூன்று சுவர் தாண்டி மைனஸ் 80 டிபிஎம்முக்கும் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கப் பலம் கூடும்) கீழே நைந்துபோனது. அதையே பிடித்துத் தொங்கும். ஒரு நிமிடம் கழித்து கூடத்துப் பெட்டி மைனஸ் 60-ல் தெளிவாகப் பேச ஆரம்பித்தாலும் இது திரும்பிப் பார்க்காது. சாயந்தரம் வரைக்கும் அதே பிடிதான். விளக்கு மட்டும் பச்சை. இணைப்பு இருக்கிறதா, இல்லையா என்பதுதான் அந்த விளக்குக்குத் தெரியும். எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது தெரியாது.

போனிலும் வைஃபை கோடுகள் முழுசாகவே நிற்கும், ஏனென்றால் போன் பார்ப்பது பக்கத்தில் இருக்கும் பெட்டியை. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் நடக்கும் கூத்து போனுக்குத் தெரிய வழியில்லை. வீடியோ கால் உறைந்து நிற்கும். கேபிள்காரரைக் கூப்பிட்டால் அவர் வந்து ஓனுவில், அதாவது ஃபைபர் லைன் வந்து முடியும் மோடமில், நேரே லேப்டாப்பைச் செருகி முழு வேகத்தையும் காட்டிவிட்டுப் போவார். அவர் பேரில் தப்பே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஸ்பீடு டெஸ்ட் போடாதீர்கள், அது வெளி லைனையும் சேர்த்துக் குழப்பும். போனின் வைஃபை விவரத்தில் கேட்வே என்று இருக்கும் முகவரியைக் குறித்துக்கொண்டு, மூன்றாவது பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அந்த முகவரிக்கு பிங் (போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை) போடுங்கள். இலவச ஆப் எதுவானாலும் போதும். பெட்டிகள் வரிசையாகக் கோத்திருந்தால் பெரும்பாலும் 10 மில்லிசெகண்டுக்குள் வரும். 8, 140, 22, 300 என்று குதித்தால் பிடி தப்பியிருக்கிறது. செட்டின் ஆப்பிலும் எந்தப் பெட்டி எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம், ஆனால் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டு உள்ளே போக வேண்டும். முகப்பில் ஒரு வரியாகக் காட்டினால் குடியா முழுகிவிடும்?

தீர்வு எளிது, எரிச்சலும் அங்கேதான். மூன்றாவது பெட்டியின் சுவிட்சை அணைத்து, மற்ற இரண்டும் நிலைக்கு வந்த பிறகு, அதாவது மூன்று நிமிடம் கழித்துப் போட வேண்டும். போட்டதும் கூடத்துப் பெட்டியைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு தடவை கரண்ட் வரும்போதும் எண்பது வயது பாட்டியா எழுந்து போய் சுவிட்ச் போடுவாள்? சில செட்களில் இந்தப் பெட்டி இதோடுதான் சேர வேண்டும் என்று நிர்ணயிக்கும் வசதி உண்டு. வாங்கும் முன் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத செட்டுக்குக் கைவசம் ஒரு குறுக்கு வழி உண்டு: ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர். கம்ப்ரசரைக் காப்பாற்ற அதில் சுமார் மூன்று நிமிட டைம் டிலே இருக்கும். பழையது ஒன்று பரணில் கிடந்தால் மூன்றாவது பெட்டியின் அடாப்டரை அதில் செருகிவிடுங்கள். டிவி ஸ்டெபிலைசரில் பெரும்பாலும் இந்த டிலே இருக்காது, பார்த்து எடுங்கள். வோல்டேஜ் எல்லை தாண்டினால் ஸ்டெபிலைசர் கட் செய்து, மறுபடி மூன்று நிமிடம் காக்க வைக்கும். அந்தத் தொல்லை இதில் உண்டு.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ், நார்மல் என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். நார்மலில் கரண்ட் மாறும் நேரம் கூடுதல், அந்த இடைவெளியில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகிவிடும். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் ரீஸ்டார்ட் ஆகாது. ஆனால் யூபிஎஸ் மோடு குறைந்த வோல்டேஜைச் சகிக்காது. 180-ஐ ஒட்டி இறங்கினாலே பாட்டரிக்குப் போய்விடும். குறுவை நடவு சமயத்தில் த்ரீ பேஸ் வந்து சுற்றுவட்டாரத்துப் போர் மோட்டார்கள் எல்லாம் ஓட ஆரம்பித்தால் வீட்டு வோல்டேஜ் எங்கே நிற்கும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டரி நாள் முழுக்க ஏறி இறங்கும். அதனால் இன்வெர்ட்டரை நார்மலிலேயே விட்டுவிட்டு, ஓனுவுக்கும் முதல் பெட்டிக்கும் சேர்த்து ஒரு மினி யூபிஎஸ் போடுவது நல்லது. உள்ளே மூன்று 18650 செல், ஒவ்வொன்றும் 2000 எம்ஏஎச் என்றால் மொத்தம் 22 வாட்-அவர். ஓனுவும் பெட்டியும் சேர்ந்து 14 வாட் இழுத்தால் கணக்குப்படி ஒன்றரை மணி நேரம், நடைமுறையில் ஒன்றேகால். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போய் சாயந்தரம் வரும் மின்தடைக்கு இது காணாது. வந்து வந்து போகும் கரண்டுக்குப் போதும். செருகும் முன் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று படியுங்கள். 9 வோல்ட் பெட்டியில் 12-ஐச் செருகிப் புகைய விடாதீர்கள்.

இப்போது நல்லதையும் சொல்ல வேண்டும். முற்றம்! ஒன்றரை அடி சுண்ணாம்புக் காரைச் சுவர்களுக்கு நடுவில் இந்த வீடுகளில் வைஃபைக்கு என்று யாரோ திறந்துவிட்ட மாதிரி ஒரு வெட்டவெளி. கூடத்துப் பெட்டியை முற்றத்துத் தூணில் ஐந்தடி உயரத்தில் மாட்டி, எதிர்த் தாழ்வாரத்தில் மூன்றாவதை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும். பேக்ஹால் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். வாசலில் நின்றால் கொல்லை தெரிகிற மாதிரி கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்குமே, அந்தக் கோடுதான் சிக்னலுக்கும் ராஜபாட்டை. பீரோவின் தலையில் பெட்டியை வைக்காதீர்கள். பரணில் அண்டா குண்டான் அடுக்கியிருக்கும் பக்கமும் வேண்டாம். பித்தளையும் இரும்பும் சிக்னலை விடாது.

மச்சில் ஒரு பெட்டி வைத்து முற்றம் வழியாகக் கீழே இறக்கலாம் என்று நினைப்பவர்கள் மேலே என்ன கட்டியிருக்கிறது என்று பாருங்கள். குரங்குக்காக நாலு அங்குல இடைவெளியில் போட்ட கம்பி என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் பெருமளவு நுழைந்துவிடும், அதன் அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டர்தான். காக்கைக்காக அரை அங்குலக் கண் வைத்த இரும்பு வலையும் சேர்த்து அடித்திருந்தால் சிக்னலுக்கு அது தகரம் போட்ட மாதிரிதான். நைலான் வலை என்றால் கவலையில்லை.

சித்திரையில் சரியாக இருந்த இடம் ஐப்பசியில் சொதப்பும். அடைமழையில் காரைச் சுவர் தண்ணீர் குடித்து ஊறிவிடும், ஈரச்சுவர் 5 கிகாஹெர்ட்ஸை இன்னும் விழுங்கும். வெயில் காலத்தில் பெட்டி வைக்கும்போது மைனஸ் 68-ல் வேலை நடக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். மைனஸ் 60 வரும் வரைக்கும் பெட்டியை முந்தைய பெட்டியின் பக்கம் நகர்த்துங்கள். சிக்னல் செத்த இடத்திலேயே பெட்டியை வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. சிக்னல் இன்னும் உயிரோடு இருக்கும் இடத்தில் வைத்தால்தான் அது எதையாவது வாங்கி அந்தப் பக்கம் கொடுக்க முடியும்.

இதற்கெல்லாம் ஒரேயடியாக முற்றுப்புள்ளி வைக்க வேண்டுமானால் கம்பி இழுப்பதுதான் வழி. கேட்6 என்ற லேன் கம்பி முப்பத்தைந்து மீட்டர் ஆகும். கடையில் கொடுப்பது முழுச் செம்பா என்று பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். சுவரைத் துளைக்காதீர்கள். காரை உதிர ஆரம்பித்தால் கொத்தனாரைத் தேட வேண்டி வரும். நிலைக்கு மேலே இருக்கும் சாளரம் வழியாக எடுத்து, உத்திரத்தை ஒட்டிக் கொண்டுபோய், தாழ்வார இறவாணத்தில் பைப் அடித்துவிடலாம். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் சேர்க்கக்கூடாது. கிரிம்ப் செய்தபின் (முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தியபின்) லிங்க் 100 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றால் நீல ஜோடியோ பிரவுன் ஜோடியோ சரியாக ஏறவில்லை என்று அர்த்தம். 100-க்கு நாலு இழை போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கம்பி முதல் பெட்டியிலிருந்து கிளம்ப வேண்டும். ஓனுவின் இன்னொரு போர்ட்டிலிருந்து நேரே இரண்டாவதுக்குக் கொடுத்தால், ரவுட்டர் மோடில் இருக்கும் செட் குழம்பிப்போகும். கொல்லைக்கோடியில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் கேமராவுக்காகக் கொண்டுபோவதானால் செம்பே வேண்டாம், இடி இறங்கும் வழி அது. கேபிள்காரரிடம் ஃபைபர் வாங்கி, அதை லேன் கம்பியோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் ஒரு ஜோடி போடுங்கள். ஒற்றை இழை ரகத்தில் ஒன்று ஏ, இன்னொன்று பி. இரண்டும் ஏ-வாக வாங்கிவந்தால் விளக்கே எரியாது.

மற்றபடி ஓனுவின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள். ஓனுவும் ரவுட்டர், செட்டும் ரவுட்டர் என்று இரட்டை நேட் (ஒரே வீட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு முகவரி வலைகள்) வேண்டாம். கேபிள்காரர் ஓனுவை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலையை விட்டு லைனை மட்டும் கடத்தும் நிலை) போட்டுத் தராவிட்டால் செட்டை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு (ரவுட்டர் வேலையை ஓனுவிடமே விட்டு வைஃபை மட்டும் பரப்பும் நிலை) மாற்றுங்கள். அப்போது பிள்ளைகளுக்கு நேரம் வைக்கும் வசதி பல செட்களில் போய்விடும். 2.4 மட்டுமே தெரிந்த ஸ்மார்ட் பல்பு சேரவில்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸைப் பத்து நிமிடம் அணைத்துச் சேர்த்துவிட்டு மறுபடி போடுங்கள். ஃபாஸ்ட் ரோமிங்கை (போன் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாறும் வசதி) போட்டதும் பழைய பிரிண்டர் காணாமல் போனால் ஆச்சரியப்படாதீர்கள்.

மாயவரத்து நண்பருக்கு: வாங்குங்கள், ஆனால் மூன்று வேண்டாம். இரண்டு பெட்டியும் முப்பத்தைந்து மீட்டர் கம்பியும் மூன்று பெட்டியைவிட நன்றாக ஓடும். மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. கம்பி இழுத்தபிறகு இணைப்பு ஒரு தடவைகூட அறுபட்டதில்லை, நியாயமாக நாலு போட வேண்டும். அந்தப் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருப்பதால் இரண்டுதான்.