பேச்சுத் தாமதமா, ஆட்டிசமா: எம்-சாட் படிவம் எந்த அளவுக்கு உதவும்?

எம்-சாட்-ஆர்/எஃப் என்பது, குழந்தைக்கு ஆட்டிசத்துக்கான வாய்ப்பு இருக்கிறதா என்று முதற்கட்டமாகப் பார்க்கப் பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாள். இலவசம்தான், தமிழிலும் கிடைக்கிறது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது, 20 கேள்விகள். பிள்ளை பேசவில்லையே என்று தேடி எடுப்பவர்களுக்கு ஒரு ஆச்சரியம்: எத்தனை வார்த்தை பேசுகிறது என்று ஒரு கேள்விகூட இல்லை. படிவத்தின் பலமே அதுதான். பேச்சு மட்டும் தாமதமான குழந்தை, வாயில் வராததைக் கையாலும் கண்ணாலும் சொல்லிவிடும்.

6, 7-ஆம் கேள்விகளைப் பாருங்கள். பிஸ்கட் டப்பாவை விரலால் காட்டிக் கேட்கிறதா என்பது 6. வாளையாறு ரோட்டில் போகும் பெரிய லாரியை, எதையும் கேட்காமல், 'நீயும் பார்' என்பதற்காகக் காட்டுகிறதா என்பது 7. காட்டிவிட்டு அம்மா முகத்தைத் திரும்பிப் பார்த்தால் நல்ல அறிகுறி. விரல் நீட்டாமல், அம்மாவின் கையைப் பிடித்து டப்பாமேல் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமலே இருந்தால் கவனிக்க வேண்டும். விளம்பரப் பாட்டை அப்படியே ஒப்பிக்கும் குழந்தை தண்ணீர்கூடக் கேட்காமல் இருப்பதும் உண்டு. பேச்சு இருக்கிறதே என்று அங்கே ஏமாறக்கூடாது.

மதிப்பெண் போடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'இல்லை' என்றால் 1. ஆனால் 2, 5, 12-இல் 'ஆம்' என்றால்தான் 1. இந்த மூன்றையும் தலைகீழாக எண்ணினால், குறையே இல்லாத குழந்தைக்கும் 3 வந்துவிடும். எப்போதோ ஓரிரு முறை செய்ததை 'ஆம்' என்று குறிப்பதும் தவறு. வழக்கமாகச் செய்தால்தான் 'ஆம்'. பாட்டிமார் இதில் ரொம்ப தாராளம்!

மொத்தம் 2 வரை என்றால் பயமில்லை. குழந்தைக்கு 2 வயது ஆகவில்லையென்றால், ஆனபின் மறுபடி நிரப்புங்கள். 3 முதல் 7 வந்தால், 1 விழுந்த கேள்விகளை மட்டும் விரிவாகக் கேட்கும் இரண்டாம் கட்டம் உண்டு. அதிலும் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் நிபுணரிடம் போகவேண்டும். முதலிலேயே 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே போய்விடலாம்.

குறை என்னவென்றால், காது மந்தமான குழந்தையும், ஒட்டுமொத்த வளர்ச்சி தாமதமான குழந்தையும் இதில் சிக்கும். ஆட்டிசம் என்று இந்தத் தாள் தீர்ப்பு எழுதாது. கைதட்டினால் திரும்புகிறதே என்று விடாமல் ஓஏஇ அல்லது பெரா (கருவி வைத்துக் கேட்கும் திறனை அளப்பவை) பரிசோதனையில் காதைப் பார்த்துவிடுங்கள்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம். இரண்டு பாஷையால் பேச்சு தாமதமாகாது. வார்த்தைகளை எண்ணச் சொன்னால் 'தண்ணி'யையும், மலையாளத்தில் அதற்கான 'வெள்ள'த்தையும் சேர்த்தே எண்ணுங்கள். டி.இ.ஐ.சி. எனும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காட்டலாம், முடிவு வரும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.