ஒயினை வீட்டில் வைப்பது: அலமாரியா, ஃபிரிட்ஜா, தனிப்பெட்டியா?

ஒரு புட்டி ஒயினை வீட்டில் எங்கே வைப்பது என்று முடிவு செய்வதற்கு முன், அது அங்கே எத்தனை நாள் இருக்கப் போகிறது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இந்த வாரக் கடைசியில் திறக்கவிருக்கும் புட்டிக்கும், பத்து ஆண்டுகள் முதிரட்டும் என்று எடுத்து வைக்கும் புட்டிக்கும் தேவைகள் வேறு. சேமிப்புச் சாதனங்களை ஒப்பிட்டு எழுதுபவர்கள் பலர் இந்தக் கால அளவைச் சொல்லாமலேயே விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் பத்து நாளில் தீர்ந்துவிடும் ஒயினுக்கு விலை கூடிய பெட்டியும், ஆண்டுக்கணக்கில் காக்க வேண்டிய ஒயினுக்குச் சமையலறையின் மேல்தட்டும் அமைந்துவிடுகின்றன. உலகில் தயாராகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, கைவசமுள்ள வழிகளை ஒவ்வொன்றாக எதிரெதிரே நிறுத்திப் பார்க்கலாம்.

திறக்கும் முன்

மூடிய புட்டியைக் கெடுப்பவற்றுள் முதலிடம் வெப்பத்துக்கு. நல்ல நிலவறைகளில் வெப்பநிலை 12, 13 டிகிரி செல்சியஸை ஒட்டியும், ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதத்துக்குள்ளும் இருக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்பது பொதுவான கணக்கு. ஆனால் சூட்டில் வைத்தால் ஒயின் வேகமாக முதிர்ந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எல்லா வினைகளும் ஒரே அளவில் விரைவதில்லை என்பதால், சூடுபட்ட ஒயினுக்கு முதிர்ச்சியின் நயம் வராமல் களைப்பு மட்டுமே வந்து சேர்கிறது. நிலையான சூட்டைவிட ஏறி இறங்கும் சூடு இன்னும் கெடுதல். சூடேறும்போது ஒயின் விரிந்து தக்கையை வெளியே நெம்புகிறது. குளிரும்போது சுருங்கி, தளர்ந்த தக்கையின் ஓரமாக வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்க முடியும். தக்கை புட்டியின் விளிம்புக்கு மேல் சற்றே புடைத்து நிற்கும். அதை மூடியிருக்கும் தகட்டு உறையை விரல்களால் பிடித்துத் திருப்பினால், கசிந்து காய்ந்த ஒயின் பசைபோல் பிடித்துக்கொண்டு பல சமயம் அசைய விடாது. உறையை வெட்டி எடுத்தால் தக்கையின் பக்கவாட்டில் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு கருஞ்சிவப்புக் கோடு ஓடியிருக்கும். அந்தக் கோடு மேல்முனையைத் தொட்டுவிட்டது என்றால், காற்று உள்ளே போவதற்கும் வழி ஏற்பட்டிருக்கலாம்.

இந்த அளவுகோலில் பார்த்தால், பலரும் புட்டிகளை அடுக்கும் சமையலறைத் திறந்த தட்டு எல்லா வழிகளிலும் மோசமானது. ஒரே பெட்டியில் வந்த இரண்டு சிவப்பு ஒயின்களில் ஒன்றை ஃபிரிட்ஜின் தலைமேலும், மற்றொன்றைப் படுக்கையறை அலமாரியின் அடித்தட்டில் துணிகளுக்குப் பின்னாலும் ஒரு கோடை முழுவதும் வைத்திருந்து, இரண்டையும் ஒரே மாலையில் திறந்து பார்த்தேன். அலமாரியில் இருந்ததில் பழத்தின் மணம் தெளிவாக இருந்தது. ஃபிரிட்ஜின் மேல் இருந்தது கொதிக்கவைத்த ஜாம் போல் மணத்தது; கோப்பையைச் சாய்த்துப் பார்த்தபோது அதன் விளிம்பில் செம்மை குறைந்து பழுப்பு ஏறியிருந்தது. ஃபிரிட்ஜ் தன் உள்ளே இருக்கும் சூட்டைத்தான் வெளியே தள்ளுகிறது என்பதை அன்றைக்குப் பிறகு நான் மறக்கவில்லை. போர்ச்சுகலின் மதீரா தீவில் ஒயினை வேண்டுமென்றே 45 முதல் 50 டிகிரி வரை, குறைந்தது மூன்று மாதங்கள் சூடாக்கும் முறை உண்டு. ஆனால் அது ஆல்கஹால் சேர்த்து வலுவூட்டப்பட்டது, புளிப்பும் மிகுந்தது. அந்தச் சுவைக்காகவே திட்டமிட்டுச் செய்யப்படுவது. சாதாரண மேசை ஒயின் அதைத் தாங்காது.

அலமாரி, சமையலறை ஃபிரிட்ஜ் இரண்டில் எது மேல் என்பது வீட்டின் சூட்டைப் பொறுத்தது. வெளிச்சுவரை ஒட்டாத, தரையை அடுத்த, கதவுள்ள அலமாரியின் அடித்தட்டு ஆண்டு முழுவதும் 20 டிகிரிக்குச் சற்று மேலே, பெரிய ஏற்ற இறக்கமின்றி இருக்குமானால், ஓராண்டுக்குள் குடிக்கும் ஒயினுக்கு அதுவே போதும். அறை பல வாரங்கள் 30 டிகிரியைத் தாண்டும் என்றால் நான் தயங்காமல் ஃபிரிட்ஜையே தேர்ந்தெடுப்பேன். அங்கே இருக்கும் 4 டிகிரி அதிகக் குளிர்தான். முதிர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும், உலர்ந்த காற்றில் நாளடைவில் தக்கையும் காய்ந்து சுருங்கும். ஆனால் தக்கை அப்படி உலர்வது மெல்ல நிகழ்வது. வெப்பம் செய்யும் கேட்டுக்குச் சில வாரங்களே போதும். குளிரில் சில புட்டிகளின் அடியில் கண்ணாடித்தூள் போன்ற படிகங்கள் படியலாம். அவை திராட்சையின் டார்டாரிக் அமிலத்திலிருந்து பிரியும் உப்பு. அவற்றால் கெடுதல் எதுவும் இல்லை. உறைபெட்டிக்குள் மட்டும் வைக்கக் கூடாது. சாதாரண ஒயின் மைனஸ் 6 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கும். அப்போது விரிந்து தக்கையைத் தள்ளிவிடும், சில சமயம் புட்டியையே உடைத்துவிடும்.

அடுத்தது ஒயினுக்கென்றே விற்கும் தனிப்பெட்டி. இதில் இரு வகைகள் உண்டு. கம்ப்ரசர் இல்லாத பெல்டியர் வகை, மின்சாரம் பாயும்போது ஒரு முகம் குளிர்ந்து மறுமுகம் சூடாகும் தகட்டைக் கொண்டு இயங்குகிறது. அதிர்வில்லை, சத்தமும் மிகக் குறைவு. கடையில் பார்க்கும்போது மனதைக் கவர்வது இதுதான். ஆனால் அறையின் வெப்பத்துக்குக் கீழே ஏறக்குறைய 10 முதல் 15 டிகிரி வரையே அதனால் இறக்க முடியும் என்பதால், அறை 35 டிகிரியைத் தொடும் நாட்களில், அதாவது ஒயினுக்குக் காவல் மிகவும் தேவைப்படும் நாட்களில், அது 20 டிகிரிக்குக் கீழே போகத் திணறும். கம்ப்ரசர் வகை அந்தச் சூட்டிலும் 12 டிகிரியைப் பிடித்து வைக்கும். அதன் மெல்லிய அதிர்வு ஒயினைக் கெடுக்கும் என்று சொல்லப்படுவது உண்டு. அடிவண்டல் கலங்கும் என்பது உண்மை. மற்றபடி, வெப்பம் செய்யும் கேட்டோடு ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத் தக்கதன்று என்பதே என் கருத்து. ஐந்து, பத்து ஆண்டுகள் வைக்கும் எண்ணமும், சூடான வீடும் ஒருசேர இருப்பவர்களுக்குக் கம்ப்ரசர் பெட்டியைத்தான் சொல்வேன். அந்த எண்ணம் இல்லாதவர்களுக்கு இரண்டுமே தேவையில்லை.

ஒளியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒயினில் இயற்கையாகவே இருக்கும் ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2, புறஊதா ஒளியையும் நீல ஒளியையும் உறிஞ்சி மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும்போது, வேகவைத்த முட்டைக்கோஸை ஒத்த கந்தக நாற்றம் எழுகிறது. நிறமற்ற புட்டியில் உள்ள வெள்ளை ஒயினுக்கும் இளஞ்சிவப்பான ரோஸே ஒயினுக்கும் இந்த ஆபத்து அதிகம்; பச்சைப் புட்டி ஓரளவும், பழுப்புப் புட்டி நன்றாகவும் தடுக்கும். கண்ணாடிக் கதவுள்ள பெட்டிக்கும் மரக்கதவுள்ள அலமாரிக்கும் இடையே, ஒளியைப் பொறுத்தவரை, மரக்கதவே மேல்.

படுக்க வைப்பதா, நிற்க வைப்பதா என்ற பழைய வழக்குக்கும் நாள் கணக்கே பதில் சொல்லும். ஒயின் தொட்டுக்கொண்டிருந்தால் தக்கை காயாது என்பதால் ஆண்டுக்கணக்கில் வைக்கும் தக்கைப் புட்டியைப் படுக்க வைப்பது நல்லது. சில மாதங்களுக்கு நிற்க வைத்தால் குடி முழுகிவிடாது. திருகுமூடிக்கு எந்த நிலையும் ஒன்றுதான். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் ஒயின் செய்வோர் பலர் 2000-ஆம் ஆண்டில் ஒன்றாகத் திருகுமூடிக்கு மாறிய பிறகு, அந்த மூடியுடன் பல ஆண்டுகள் அழகாக முதிர்ந்த புட்டிகள் ஏராளம். ஷாம்பெயினை நிற்க வைத்தாலும் பாதகமில்லை.

நிலவறை எந்தெந்தக் குணங்களால் நல்ல நிலவறையாகிறது என்பதற்கு 2010-இல் ஒரு சான்று கிடைத்தது. பின்லாந்தின் ஓலாந்துத் தீவுகளுக்கு அருகே, பால்டிக் கடலில் ஏறக்குறைய 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலில் 168 ஷாம்பெயின் புட்டிகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் சில வூவ் கிளிக்கோ நிறுவனத்துடையவை. சுமார் 170 ஆண்டுகள் கழித்தும் அவற்றுட் சில குடிக்கத்தக்க நிலையில் இருந்தன. அங்கே இருந்தவை மாறாத குளிரும் இருளும் அசைவின்மையும் மட்டுமே.

திறந்த பின்

தக்கையை எடுத்த நொடியிலிருந்து கணக்கு மாறிவிடுகிறது. அதுவரை வெப்பம் பகை, இனிக் காற்று. ஆக்சிஜன் முதலில் மணத்தை மங்கச் செய்கிறது, பிறகு அடிபட்ட ஆப்பிளை நினைவூட்டும் அசெட்டால்டிஹைடு கூடுகிறது, கடைசியில் அசெட்டிக் பாக்டீரியா ஆல்கஹாலைப் புளிக்காடியாக்குகிறது. ஒயின் கெடுவதற்கு நுண்ணுயிரிகள் காரணமாகும் விதத்தை லூயி பாஸ்டர் 1860-களிலேயே ஆராய்ந்து காட்டினார்.

காற்றின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 750 மில்லிலிட்டர் புட்டியில் பாதியைக் குடித்துவிட்டு மூடினால், உள்ளே 375 மில்லிலிட்டர் காற்று அடைபடுகிறது. அதில் ஏறக்குறைய 79 மில்லிலிட்டர் ஆக்சிஜன். மிச்சமுள்ள ஒயினைத் தட்டையாக்க அது தாராளமாகப் போதும். ஆகவே ஒவ்வொரு சாதனத்தையும், இந்த 79 மில்லிலிட்டரை அது என்ன செய்கிறது என்று கேட்டே எடைபோட வேண்டும்.

தக்கையைத் திரும்பச் செருகி ஃபிரிட்ஜில் நிற்க வைப்பது அந்த ஆக்சிஜனை அப்படியே விட்டுவிட்டு, வினையின் வேகத்தை மட்டும் குறைக்கிறது. வெள்ளை ஒயினும் ரோஸேயும் மூன்று முதல் ஐந்து நாள், திடமான சிவப்பு ஒயினும் ஏறத்தாழ அவ்வளவே, மென்மையான சிவப்பு ஒயின் இரண்டு மூன்று நாள் தாங்கும். சிவப்பு ஒயினை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. பரிமாறும் வெப்பநிலைக்கு உரிய விதியைச் சேமிப்புக்கும் பொருத்தியதால் வந்த குழப்பம் அது. திறந்த எந்த ஒயினும் ஃபிரிட்ஜுக்கே போக வேண்டும். சிவப்பை மட்டும் குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் போதும்.

ரப்பர் மூடியும் கைப்பம்பும் சேர்ந்த காற்றுறிஞ்சி பரவலாக விற்கிறது. அது காற்றின் ஒரு பகுதியைத்தான் எடுக்கிறது, முழு வெற்றிடத்தை உண்டாக்குவதில்லை. மூடியின் இறுக்கம் ஓரிரவில் தளர்ந்தும் போகலாம். காற்றை உறிஞ்சும்போது நாம் காக்க நினைத்த மணமும் கூடவே வெளியேறுகிறது. வெறும் தக்கையோடும் குளிரோடும் ஒப்பிட்டால் கூடுதலாகக் கிடைப்பது அதிகம் போனால் ஓரிரு நாள்தான். ஆர்கான் தெளிப்பு இதைவிட நேர்மையாக வேலை செய்கிறது. ஆர்கான் காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனமானது, ஒயினோடு வினைபுரியாதது. அது போர்வைபோல் அசையாமல் கிடக்கும் என்று சொல்வது மிகை. வாயுக்கள் கலந்தே தீரும். இருந்தாலும் உள்ளிருந்த காற்றை வெளியேற்றி ஆக்சிஜனின் பங்கைக் குறைக்கிறது, அதுவே பயன். தெளித்த கையோடு மூட வேண்டும், புட்டியைச் சாய்க்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வழி 375 மில்லிலிட்டர் சிறு புட்டி. திருகுமூடியுள்ள ஒன்றைச் சோப்பு வாசனை தங்காமல் கழுவிக் காயவைத்துக்கொண்டு, பெரிய புட்டியைத் திறந்தவுடன், கோப்பையில் ஊற்றுவதற்கு முன்பே, புனலின் நுனி சிறு புட்டியின் உட்சுவரைத் தொடும்படி வைத்து மெல்ல ஊற்ற வேண்டும். ஒயின் கழுத்தில் ஏறி, விளிம்பில் மெல்லிய வளைவாகத் திரண்டு நிற்கும் வரை நிரப்பி மூடியைத் திருகினால், ஓரிரு துளிகள் வழிந்து விரலில் பிசுபிசுக்கும். அப்படி வழிந்தால் மேலே காற்றுக்கு இடமில்லை என்று அறியலாம். 79 மில்லிலிட்டர் ஆக்சிஜனை இங்கே எதிர்கொள்ளவே வேண்டியதில்லை, அது உள்ளே வருவதே இல்லை. ஊற்றும்போது கரையும் சிறிதளவு ஆக்சிஜன் உண்டு. ஆனாலும் ஃபிரிட்ஜில் ஒரு வாரம், பல சமயம் அதற்கு மேலும், ஒயின் உயிரோடு இருக்கிறது. ஒரே நிபந்தனை: பாதியை மிச்சம் வைக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். பாதி குடித்த பிறகு எஞ்சியதை மாற்றுவதாலும் பயன் உண்டு, ஆனால் குறைவு.

தக்கையை எடுக்காமலே மெல்லிய ஊசியைச் செலுத்தி ஒயினை எடுத்து, அந்த இடத்தை ஆர்கானால் நிரப்பும் கொராவின் கருவி 2013-இல் சந்தைக்கு வந்தது. அதை உருவாக்கிய கிரெக் லாம்பிரெக்ட் மருத்துவக் கருவித் துறையைச் சேர்ந்தவர். ஊசி வெளியே வந்ததும் தக்கையின் மீள்தன்மை துளையை மூடிவிடுகிறது. ஒயின் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட நிற்கிறது. கருவியோடு ஆர்கான் உருளைகளுக்கும் தொடர்ந்து செலவழிக்க வேண்டும் என்பதால், விலையுயர்ந்த ஒரு புட்டியை ஒவ்வொரு கோப்பையாகப் பல வாரம் அருந்துபவருக்கே அது பொருந்தும். தினமும் ஒரு கோப்பை எளிய ஒயின் போதும் என்பவர் அட்டைப்பெட்டிக்குள் பை வைத்த ஒயினை வாங்கலாம். ஆஸ்திரேலியரான தாமஸ் ஆங்கோவ் 1965-இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பில், ஒயின் குறையக் குறையப் பையும் சுருங்குவதால் காற்று நுழைவது மிகக் குறைவு. திறந்த பிறகு நான்கு முதல் ஆறு வாரம் வரை இருக்கும். ஆனால் பையின் பிளாஸ்டிக் வழியே ஆக்சிஜன் மெல்லக் கசியும் என்பதால், திறக்காவிட்டாலும் அதை ஆண்டுக்கணக்கில் வைக்கக் கூடாது.

ஷாம்பெயினுக்குக் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும் மூடி தவிர வேறெதுவும் பயன்படாது. காற்றுறிஞ்சி இருக்கும் நுரையையும் இழுத்துவிடும். வெள்ளிக் கரண்டியைக் கழுத்தில் தொங்கவிடும் பழக்கத்தால் பயன் இல்லை. நுரை ஓரளவு தங்குகிறது என்றால், குளிர்ந்த திரவத்தில் கார்பன் டைஆக்சைடு அதிகம் கரைந்து நிற்பதே காரணம். ஷெர்ரி, போர்ட், மதீரா போன்ற, ஆல்கஹால் சேர்த்து வலுவூட்டிய ஒயின்களைத் திறந்த பின் ஒன்றுபோல் நடத்தக் கூடாது. ஃபீனோ ஷெர்ரியை ஒரு வாரத்துக்குள்ளும், விண்டேஜ் போர்ட்டைச் சில நாளுக்குள்ளும் முடித்துவிட வேண்டும். டானி போர்ட் சில வாரம் இருக்கும். சூட்டையும் காற்றையும் முன்பே பார்த்துவிட்ட மதீரா மாதக்கணக்கில் தாங்கும். எந்தப் புட்டியானாலும், திறந்த தேதியை ஒரு சிறு ஒட்டுத்தாளில் எழுதிக் கழுத்தில் ஒட்டிவிடுகிறேன். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்ததும் எதை முதலில் எடுப்பது என்பது தெரிந்துவிடுகிறது.